மேடை போடாமல் ஒரு வாசகர் வட்டம்

காவிரிக் கரை ஊர்களில் இலக்கியக் கூட்டத்துக்குப் பஞ்சம் கிடையாது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, சிறப்புரை, நன்றியுரை என்று இரண்டரை மணி நேரம் ஓடும். பேசப்பட்ட புத்தகத்தை வந்தவர்களில் எத்தனை பேர் படித்திருந்தார்கள் என்று கேட்டால் அமைப்பாளருக்கே தெரியாது. இங்கே சொல்லப்போவது வேறு வகை. ஒரே புத்தகத்தைப் பத்துப் பேர் படித்துவிட்டு வந்து, வட்டமாக உட்கார்ந்து, அதைப் பற்றி மட்டும் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டுக் கலைவது. மைக், பேனர், பொன்னாடை எதுவும் வேண்டாம். மேடை என்று ஒன்று வந்த அன்றே வாசகர் பார்வையாளராகிவிடுவார். பார்வையாளர் படித்துவிட்டு வர வேண்டிய அவசியம் இல்லை. கீழே உள்ள எல்லா விதிகளும் அந்த ஒரு விபத்தைத் தவிர்க்கத்தான்.

ஆள் சேர்ப்பது

முதலில் இரண்டு பேர் உறுதியாக வேண்டும். அடைமழையோ, மற்றவர் யாரும் வரவில்லையோ, ஆறு மாதம் நாம் இரண்டு பேராவது உட்கார்ந்து பேசுவோம் என்று ஒப்புக்கொண்டவர்கள். அதன் பிறகு 25 பேரிடம் சொன்னால் பத்துப் பேர் தேறுவார்கள். 8 முதல் 12 பேர் சரியான அளவு. 90 நிமிடத்தை 12 பேர் பங்கிட்டால் ஆளுக்கு ஏழு நிமிடம்தான் வரும். 20 பேரானால் நாலைந்து பேர் பேச, மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஊரில் யார் படிக்கிறார்கள் என்பது கிளை நூலகருக்குத் தெரியும். யார் நாவலாக எடுக்கிறார், யார் வார இதழோடு போய்விடுகிறார் என்று பேரேட்டைப் பார்க்காமலே சொல்வார். அவரிடம் பெயர்களைக் கேட்காதீர்கள். ஒரு தாளில் விவரம் எழுதிக் கொடுத்து, தோதானவர்களிடம் காட்டச் சொல்லுங்கள். கல்லூரித் தமிழ்த்துறை, ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், தஞ்சாவூர்–மயிலாடுதுறை ரயிலில் தினமும் போய் வந்து படிக்கிறவர்கள் என்று அடுத்த வட்டம் விரியும். தமிழாசிரியர்களை மட்டும் வைத்து ஆரம்பித்தால் அது பாடவேளையாகிவிடும். உரக்கடைக்காரர், செவிலியர், பாலிடெக்னிக் மாணவர் என்று கலந்திருந்தால்தான் ஒரே கதைக்கு நாலு கோணம் கிடைக்கும்.

பெண்களைச் சேர்க்க வேண்டுமென்றால் நேரத்தை அவர்களைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். எல்லாம் முடிவு செய்துவிட்டு "நீங்களும் வாங்க" என்றால் முதல் மாதம் வருவார்கள், மூன்றாம் மாதம் வரமாட்டார்கள். விளக்கேற்றுவதற்கு முன் வீடு திரும்பும்படி ஞாயிறு மாலை 3.45 முதல் 5.15 வரை பெரும்பாலும் ஒத்துவரும். கிராமத்திலிருந்து வருகிறவர்கள் இருந்தால் மினி பஸ் கடைசியாக எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதற்கு 20 நிமிடம் முன்னால் முடியுங்கள்.

இடம்

யாரும் வாசலில் தயங்கி நிற்காத இடமாக இருக்க வேண்டும். கோயில் மண்டபம் காற்றோட்டமாகத்தான் இருக்கும். ஆனால் எல்லா மதத்தவரும் எல்லாத் தெருக்காரரும் சொந்த இடம் மாதிரி வந்து உட்கார்வார்களா என்று யோசியுங்கள். ஒரு குறிப்பிட்ட தெருவில் உள்ள வீட்டுக்கும் இதே கேள்விதான். இதை வெளிப்படையாக யாரும் சொல்லமாட்டார்கள், வராமல் இருந்துவிடுவார்கள்.

முதல் தேர்வு கிளை நூலகம். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், கேட்பதில் கூச்சம் வேண்டாம். பல நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற பெயரில் ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கும். செயல்படாமல் கிடந்தால் அதையே எழுப்பலாம். விடுமுறை நாள் எது என்று கேட்டுக்கொண்டு, பணி நேரத்துக்குள்ளேயே நடத்த எழுத்தில் அனுமதி கேளுங்கள். அடுத்த தேர்வு பள்ளி வகுப்பறை. பெஞ்சுகளை நகர்த்தி வட்டமாகப் போட முடியுமா என்று முன்னதாகப் பாருங்கள். சிமென்ட்டில் பதித்த பெஞ்சு என்றால் தரையில் ஜமுக்காளம் விரித்துவிடலாம், முதியவர்களுக்கு நாலு நாற்காலி போதும்.

வீடுகளில் முறை வைத்து நடத்துவது கேட்க இனிமையாக இருக்கும். நடைமுறையில் அந்த வீட்டுப் பெண் சுண்டலும் காபியுமாக அடுப்படியிலேயே நிற்பார், கூட்டத்தில் உட்காரவே மாட்டார். வீட்டில்தான் என்றால் தண்ணீர் மட்டும் என்று விதி வையுங்கள். டீ, கலைந்த பிறகு கடையில், அவரவர் காசில். உண்மையான பேச்சில் பாதி அந்த டீக்கடையில்தான் நடக்கும், அதை ஒழுங்குபடுத்தப் பார்க்காதீர்கள்.

நாள்

"எல்லாருக்கும் தோதான ஒரு நாள்" என்று ஒவ்வொரு மாதமும் கேட்டு முடிவு செய்யும் வட்டம் நாலு மாதம் தாண்டாது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு என்றால் அதுதான். வந்தாலும் வராவிட்டாலும் அன்று கூட்டம் உண்டு என்பது ஊருக்கு மனப்பாடமாக வேண்டும்.

ஆனாலும் டெல்டாவில் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி ஓடாது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் குறுவை வேலை தொடங்கும், புரட்டாசி வாக்கில் அறுவடை. சம்பா அறுவடை தை, மாசியில். அந்த நாட்களில் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுத் தார்ப்பாயோடு காவல் இருப்பவரிடம் 300 பக்க நாவலைக் கொடுத்தால் புத்தகமும் வராது, ஆளும் வரமாட்டார். அந்த மாதங்களுக்கு ஒரே ஒரு சிறுகதை போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மின்சாரம் போகும், பஸ் நிற்கும்; வெளிச்சம் உள்ள தாழ்வாரமாகப் பாருங்கள், டார்ச் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினம் பக்கத்து ஊர்களில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழாவில் பஸ்ஸில் இடம் கிடைக்காது.

நல்ல மாதங்கள் எவை என்றால் ஆடியும் மார்கழியும். கல்யாண முகூர்த்தம் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். பெரிய நாவலை அந்த மாதங்களில் வையுங்கள். வைகாசியிலும் ஆவணியிலும் இரண்டாவது ஞாயிறு முகூர்த்த நாளாக விழுந்தால் பாதிப் பேர் பந்தியில் இருப்பார்கள். அப்படி வரும் மாதம் ஞாயிறை மாற்றாதீர்கள், சின்னக் கதையை வையுங்கள்.

புத்தகம்

மூன்று நிபந்தனை. 200 பக்கத்துக்குள் இருக்க வேண்டும். இன்றைக்கு விலைக்குக் கிடைக்க வேண்டும், அல்லது நூலகத்தில் இருக்க வேண்டும். வட்டத்தில் ஒருவராவது முழுதாகப் படித்திருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். விருது வாங்கியது, முகநூலில் புகழ்ந்தார்கள் என்று யாருமே படிக்காத புத்தகத்தை வைத்தால் 60 பக்கத்தில் பத்துப் பேரும் நின்றுவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வேலை பார்க்கும் ஒருவர் தமிழ் நாவலை மணிக்கு ஏறத்தாழ 30 பக்கம் படிப்பார். 200 பக்கத்துக்கு ஏழு மணி நேரம். தினம் 20 நிமிடம் என்றால் மூன்று வாரம். மாத வட்டத்துக்கு இதுதான் உச்ச வரம்பு. 400 பக்க நாவல் கட்டாயம் வேண்டுமென்றால் இரண்டு மாதமாகப் பிரித்து, முதல் கூட்டத்தை எந்த அத்தியாயத்தோடு நிறுத்துவது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முந்திப் படித்தவர் முடிவை உடைக்கக் கூடாது.

பிரதி: ஒன்றிரண்டு பேர் சொந்தமாக வாங்குவார்கள். மீதிப் பத்துப் பேருக்கு நாலு பிரதி போதும். ஒரு பிரதி ஒருவரிடம் பத்து நாள், அந்தப் பத்து நாளும் தினம் 40 நிமிடம் படிக்க வேண்டியிருக்கும். யாருக்குப் பின் யார் என்ற வரிசையை ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளட்டையில் ஒட்டுங்கள். கைமாற்றும் பொறுப்பு வைத்திருப்பவருடையது. பிரதி நாலு என்றால் சங்கிலி நாலு. ஒருவர் தாமதித்தால் அவர் சங்கிலி மட்டுமே அறுபடும். மாதம் ஆளுக்கு 50 ரூபாய் என்றால் பத்துப் பேருக்கு 500. நடுத்தர விலையில் இரண்டு பிரதி வாங்கலாம், மீதி இரண்டை நூலகத்திலிருந்து எடுக்கலாம். பதிப்பகத்திடம் நேரடியாக நாலைந்து பிரதி சேர்த்து வாங்கினால் விலையில் கழிவு கேட்கலாம், தபால் செலவும் பங்காகிவிடும். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் போட்டிருந்தால் கேளுங்கள்.

பிடிஎஃப் விவகாரம் முதல் மாதமே வரும். யாராவது ஒருவர் குழுவில் முழு நாவலையும் போட்டுவிடுவார். உயிரோடிருக்கும் எழுத்தாளரின் புத்தகத்தை அப்படிச் சுற்றவிடுவது சட்டப்படி தவறு. நாளைக்கு அவரையே கூப்பிட்டு உட்கார வைக்கும் எண்ணம் இருந்தால் அசிங்கமும் கூட. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. அது கடந்தவை பொதுச்சொத்து. கும்பகோணத்துக்காரரான கு.ப. ராஜகோபாலன் 1944-ல் காலமானவர். அவர் கதைகளைத் தாராளமாக நகலெடுத்துப் பகிரலாம். அளவில் சிறியவை, ஊர் தெரிந்தது, பேசத் தீராதவை. காசில்லாமல் ஆரம்பிக்கும் வட்டத்துக்கு அவரைவிடத் தோதான ஆள் இந்தப் பக்கத்தில் கிடையாது. பழைய நூல்களை இணையத்தில் இலவசமாகப் படிக்க 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன.

சொந்த மண்ணின் எழுத்தைப் படிப்பதில் ஒரு ஆபத்து உண்டு. "இது எங்க அக்ரஹாரம்தான்", "இந்தப் படித்துறை இப்ப இல்ல", "அவர் பேரன் எனக்கு கிளாஸ்மேட்" என்று பேச்சு முழுக்க முகவரி தேடுவதிலேயே போய்விடும். நாலு மாதத்தில் ஒன்று டெல்டாவுக்கு வெளியே, கரிசல் காடோ கடற்கரையோ மொழிபெயர்ப்போ, இருக்கட்டும்.

கூட்டம் நடக்கும் விதம்

ஒவ்வொரு மாதமும் ஒருவர் நடத்துநர், முறைவைத்து. தலைவர் பதவி வேண்டாம். தலைவர் என்று ஒருவர் வந்தால் அடுத்த கூட்டத்திலேயே தலைமையுரையும் வந்துவிடும்.

முதல் பத்து நிமிடம் புத்தகத்திலிருந்து இரண்டு மூன்று பக்கம் உரக்கப் படிக்க வேண்டும். வழக்கமான நாவல் அளவான டெம்மியில் ஒரு பக்கத்துக்கு இரண்டரை நிமிடத்திலிருந்து மூன்று நிமிடம் ஆகும். அந்த மாதம் படித்து முடிக்காதவர்தான் படித்துக் காட்ட வேண்டும் என்று வையுங்கள். முடிக்காதவருக்கும் கூட்டத்தில் ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. குற்றவுணர்ச்சியில் வராமல் இருந்துவிடுவது குறையும். "படிக்காதவர் வர வேண்டாம்" என்று சொன்ன வட்டங்கள் எல்லாம் ஆறு பேரில் வந்து நிற்கும்.

அடுத்து ஒரு சுற்று. ஆளுக்கு இரண்டு நிமிடம், குறுக்கே யாரும் பேசக் கூடாது. இளையவரிலிருந்து தொடங்குங்கள். மூத்தவர் முதலில் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டால் கல்லூரிப் பிள்ளைகள் "சார் சொன்னதுதான்" என்று முடித்துக்கொள்வார்கள். இந்தச் சுற்றுக்கு 25 நிமிடம்.

பிறகு திறந்த பேச்சு, 40 நிமிடம். இங்கேதான் நடத்துநருக்கு வேலை. நாலைந்து கேள்விகளை முன்கூட்டியே எழுதி வர வேண்டும். "இந்த நாவல் சொல்ல வரும் கருத்து என்ன?" என்பது தேர்வுக் கேள்வி, பத்துப் பேரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். "எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள்?" என்று கேளுங்கள், பத்து இடம் வரும். "யார் மேல் கோபம் வந்தது?", "கடைசி அத்தியாயத்தை எடுத்துவிட்டால் என்ன குறையும்?", "அம்மாவுக்கு ஏன் பெயரே வைக்கவில்லை?" என்ற ரகக் கேள்விகள் புத்தகத்துக்குள்ளேயே ஆளை நிறுத்தும்.

இன்னொரு விதி, கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும்: எதைச் சொன்னாலும் பக்கத்தைக் காட்ட வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும் என்பதால் அத்தியாய எண்ணையும் பத்தியின் முதல் இரண்டு சொல்லையும் சொல்லச் சொல்லுங்கள். நீளமாகப் பேசுபவரை மரியாதை குறையாமல் நிறுத்தவும் இதுதான் வழி. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நாவலில் ஆரம்பித்து, அங்கிருந்து திருக்குறளுக்குப் போய், இன்றைய இளைஞர்களின் கைபேசிப் பழக்கத்துக்கு வந்து நிற்கிறார் என்று வையுங்கள். கையைக் காட்டி நிறுத்தினால் மனம் நோகும், அடுத்த மாதம் வரமாட்டார். "சார், நீங்க சொன்ன அந்த இடம் எந்த அத்தியாயம்னு சொல்லுங்க, எல்லாரும் புரட்டிப் பாத்துடறோம்" என்றால் அவரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேட ஆரம்பிப்பார். அந்த இடைவெளியில், "கவிதா, உனக்கு அந்த இடம் எப்படிப் பட்டுச்சும்மா?" என்று அடுத்தவரிடம் போய்விடலாம். சாதி, கட்சி என்று சூடேறும்போதும் இதே கேள்விதான்: அது புத்தகத்தில் எங்கே இருக்கிறது? இருந்தால் தாராளமாகச் சண்டை போடட்டும், அதற்குத்தான் கூடியிருக்கிறோம்.

கடைசிப் பத்து நிமிடத்தில் அடுத்த புத்தகம், அடுத்த நடத்துநர். கைதூக்கி வாக்கெடுத்தால் அதிகம் பேருக்குத் தெரிந்த எழுத்தாளரே ஜெயிப்பார். அடுத்த நடத்துநர் மூன்று புத்தகம் கொண்டுவந்து காட்டி, அதில் ஒன்றை மற்றவர்கள் தேர்வு செய்வது மேல்.

ஒரு நீள நோட்டில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பக்கம்: தேதி, புத்தகம், பதிப்பகம், வந்தவர்கள், எழுந்த கேள்விகள், யாரும் ஒத்துக்கொள்ளாத ஒரு கருத்து. "கூட்டம் சிறப்பாக நடைபெற்றது" என்ற வாக்கியத்துக்கு அந்த நோட்டில் தடை. அதிலிருந்து 100 சொல்லில் ஒரு குறிப்பு எழுதி நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் புதிதாக இரண்டு பேர் அதைப் படித்துவிட்டு வருவார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகி மட்டும் பதிவிடும் அமைப்பை வைத்துவிடுங்கள். தேதி, இடம், புத்தகம் மட்டும். காலை வணக்கமும் பார்வேர்டும் பெருகினால் எல்லாரும் குழுவை மியூட்டில் போடுவார்கள், கடைசியில் இடம் மாறிய செய்தியும் கண்ணில் படாது.

எழுத்தாளரை அழைப்பது

வருடத்துக்கு ஒரு முறை போதும். அதுவும் அவர் இல்லாமல் ஒரு தடவை புத்தகத்தைப் பேசி முடித்த பிறகு. முகத்துக்கு முன்னால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். வருபவருக்குப் போக்குவரத்துச் செலவைக் கையில் கொடுங்கள், அவர் புத்தகத்தில் பத்துப் பிரதியை விலை கொடுத்து வாங்குங்கள். பொன்னாடைக் காசு அதற்குச் சரியாக இருக்கும்.

பெட்டியும் பேரேடும்

ஒரு வருடத்தில் 30, 40 புத்தகம் சேர்ந்துவிடும். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதே ஆண்டு மன்னார்குடி பக்கத்தில் மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது. அதனால் புத்தகப் பெட்டியைப் பூட்டிச் சாவியை ஒருவரிடம் கொடுத்துவிடாதீர்கள். பேரேட்டில் வரிசை எண், தலைப்பு, எடுத்தவர், எடுத்த தேதி, திரும்பிய தேதி என ஐந்து கட்டம். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒன்று, 14 நாள். தொலைந்தால் அதே புத்தகம், கிடைக்காவிட்டால் அதே விலையில் வேறு. அபராதம் வசூலித்தால் பழக்கம் கெடும்.

டெல்டா ஈரத்தில் புத்தகம் கெடுவது தனிக்கதை. அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள், கீழ்த்தட்டு தரையிலிருந்து ஓர் அடி உயரம். 2018 நவம்பரில் கஜா புயல் போன பாதையில் உள்ள ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தகரப் பெட்டியில் அடுக்கினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வெயில் அடிக்கும் நாளில் மூடியைத் திறந்து காற்றாட விடுங்கள். தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும், மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். கிழிந்த பக்கத்துக்கு செல்லோடேப் ஒட்டினால் இரண்டு வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துப் பிய்க்கும். மெல்லிய தாளும் மைதாப் பசையும் நல்லது. பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது. அது விஷம், பிள்ளைகள் கை படாமல் வையுங்கள்.

நனைந்துவிட்டால் வெயிலில் போடக் கூடாது, தாள் முறுக்கிக்கொள்ளும். புத்தகத்தை நிமிர்த்தி, பக்கங்கள் விசிறி மாதிரி விரியும்படி நிற்க வைத்து மின்விசிறிக்கு அடியில் விடுங்கள். 20 பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் செருகி, ஈரம் ஏற ஏற மாற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ஏறும். ஒட்டிக்கொண்ட பக்கத்தைப் பிரிக்க அவசரப்படக் கூடாது. வழுவழுப்பான படத்தாள்கள் ஒட்டியபடியே காய்ந்துவிட்டால் மீளாது. உடனே கவனிக்க நேரமில்லையென்றால் பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம்.

தொய்வு வரும்போது

ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் ஆள் குறையும். பதறி விளம்பரம் செய்யத் தேவையில்லை. முதலில் நோட்டைப் புரட்டிக் கடைசி மூன்று புத்தகத்தின் பக்க எண்ணிக்கையைப் பாருங்கள்; பெரும்பாலும் காரணம் அதில் இருக்கும். ஒரு மாதம் வீட்டுப்பாடமே இல்லாமல் வைக்கலாம்: பத்துப் பக்கச் சிறுகதையை அங்கேயே உட்கார்ந்து மாற்றி மாற்றி வாசிப்பது. அரை மணியில் முடியும், மீதி ஒரு மணி பேச்சு. தை மாத வாக்கில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும், மாவட்டப் புத்தகத் திருவிழாக்களும் வரும். தனித்தனியாகப் போகாமல் ஒரு வேன் பேசிக்கொண்டு, வாங்க வேண்டிய பட்டியலை முன்பே பங்கிட்டுப் போனால் ஒரே புத்தகத்தை மூன்று பேர் வாங்கமாட்டார்கள். பத்து சதவீதக் கழிவு அங்கே வழக்கம்.

ஆள் கூடி 15-ஐத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள். பழையவர்கள் ஒரு பக்கம், புதியவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்தால் புதிய வட்டம் மூன்று மாதத்தில் படுத்துவிடும். ஆரம்பித்த இருவரும் ஆளுக்கொரு வட்டத்துக்குப் போக வேண்டும். பெட்டியும் பேரேடும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரு வட்டம் படித்து முடித்த நாலு பிரதியும் அடுத்த மாதம் மற்ற வட்டத்துக்குப் போனால் செலவு பாதியாகிவிடும்.